அரைப் பேர்

அந்த விளையாட்டுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்.
பிளொப்பியில் ஒட்டிய தாளை
எங்களுக்கு முன்பே யாரோ சுரண்டிவிட்டார்கள்.
'கு' மாதிரி ஒரு வளைவு மிச்சம்.
அது தமிழும் இல்லை.

நோர்வூட்டில் பேக்கரிக்கு மேல்மாடி,
செபஸ்டியன் சேரின் கம்பியூட்டர் வகுப்பு.
மூன்று பெட்டி, ஒன்றுக்கு மூச்சுத்திணறல்.
டைப் அடித்து முடித்தவர்களுக்குக்
கடைசிப் பத்து நிமிடம்.
பலகைத் தரை வழியே பணிஸ் வேகிற சூடு ஏறும்,
எங்கள் பாதங்கள் மட்டும் கொழும்பில் இருக்கும்.

திரை முழுக்க வெள்ளை.
வெள்ளைக்குள் நகத்தளவு ஒருவன்
முதுகில் பையோடு
சரிவில் ஏறிக்கொண்டே இருப்பான்.
பனி என்றோம்.
இது நம்ம பனி இல்லடா, உறைஞ்ச பனி,
வெளிநாட்டுப் பனி என்றார் சேர்.
பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாவிட்டால்
எங்களுக்கு எல்லாம் ஒரே பனிதான்.
ஆகவே அவன் பையில் கொழுந்து.
கீழ்மூலையில் ஓடுகிற எண், கிலோ.
பின்னால் துரத்திவரும் கறுப்புப் புள்ளி
ஓநாயாக இருந்திருக்கலாம்;
நாங்கள் கங்காணி என்று வைத்துக்கொண்டோம்.

எண் நாலு இலக்கம் தாண்டினால்
பேர் எழுதச் சொல்லும்.
மூன்றே எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்.
நிறை குறைந்த நாட்களில்
எங்கள் அம்மாமாருக்குச் செக்ரோலில் விழுவது அரைப் பேர்.
லோகேந்திரன்தான் முதலில் சிரித்தான்:
"இங்க முழுசா எடுத்தாலும் அரைப் பேர்தான்டா போடுறான்."

பட்டியலின் உச்சியில் எப்போதும்
ஜே, ஈ, எஸ்.
மேல்பிரிவு ஜெசிந்தாமேரி.
விசைகளை அழுத்த மாட்டாள், தொடுவாள்.
கொழுந்து கிள்ளுவதுபோல என்று எழுதினால் அழகாயிருக்கும்,
ஆனால் அவள் ஒருநாளும் மலைக்குப் போனதில்லை.
பொறுமைக்காரி, அவ்வளவுதான்.

அந்த வருஷம் கரண்ட் சொல்லாமல் போகும்.
விட்ட இடத்தில் தொடர வழியில்லாத விளையாட்டு.
மூன்றாவது சரிவு, அதிர்ஷ்டமிருந்தால் நாலாவது,
டப்பென்று திரை புள்ளியாகச் சுருங்கும்.
ஜன்னலில் மற்றப் பனி.
அவன் யார் வீட்டுக்குப் போகிறான் என்று
தெரியாமலே நாங்கள் படியிறங்குவோம்.

இப்போது அட்டனில் எனக்கு ஒரு போன் கடை.
செத்த போன்கள் நடுவே உட்கார்ந்து
இருபது வருஷமாக அவனை விசாரிக்கிறேன்.
வெள்ளைத் திரை, முதுகில் பை,
இடதுகால் கொஞ்சம் இழுத்து நடப்பான்.
தெரிந்தவர்கள் எதையெதையோ காட்டுகிறார்கள்.
ஒன்றில் கரடி. ஒன்றில் சறுக்குவண்டி.
இல்லை, இவன் இல்லை என்கிறேன்,
ஆள் காட்டக் கூட்டிப்போன சாட்சி மாதிரி.

போன மாதம் குவைத்திலிருந்து ஜெசிந்தா எடுத்தாள்.
அம்மாவின் நம்பருக்கு ரீலோட் போட வேண்டுமாம்.
போட்டுவிட்டுக் கேட்டேன்.
"அவனா? நான் கொண்டுபோய்ச் சேர்த்தேனே."

"ஒரு சனிக்கிழமை. அடைமழை.
நீங்க ஒருத்தரும் வரல, கரண்டும் போகல.
ஏழாவது சரிவு முடிய ஒரு வீடு இருந்திச்சி.
கதவு தானாத் திறந்திச்சி."

உள்ளே?

"உள்ளயும் வெள்ளைதான். ஒரு கதிரை.
பையை இறக்கி வச்சான்.
கொஞ்ச நேரம் சும்மா நின்னான்.
பிறகு பேர் கேட்டிச்சி. நான் எழுதல."

ஏன் என்று கேட்பதற்குள்
அங்கே யாரோ கூப்பிட்டார்கள்,
"ஜெஸ்! ஜெஸ்!"
அரபியில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே வைத்துவிட்டாள்.

ஏழு சரிவாம்.
நாங்கள் நாலைத் தாண்டியதில்லை.
கதிரை என்ன நிறம் என்றாவது
கேட்டிருக்கலாம்.